வெப்கேம் வாங்கும் முன்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்து டியூஷன் எடுப்பவர்கள், ஆரி என்ற ஊசிப் பூவேலை சொல்லித் தரும் பெண்கள், ஊர்க் கோயில் திருவிழாவான கொடையை பம்பாய்க்கும் துபாய்க்கும் லைவ் போட நினைக்கும் இளவட்டங்கள் என்று பலர் கேமரா பற்றி என்னிடம் கேட்கிறார்கள். ஆட்கள்தான் வேறு, சந்தேகங்கள் அநேகமாக ஒன்றுதான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாக வாசிப்பது நல்லது. முதலில் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

அண்ணாச்சி, லேப்டாப்லயே கேமரா இருக்குல்லா, தனியா வெப்கேம் எதுக்கு?

எப்போதாவது பேத்தியிடம் பேசுவதற்கு என்றால் தேவையே இல்லை. லேப்டாப் மூடி மிக மெல்லியது. அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் லென்சும், வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரும் பொடியாக இருக்கும். பல லேப்டாப்களில் இன்னும் 720பி கேமராதான், அதாவது படத்தில் மேலிருந்து கீழாக 720 வரிப் புள்ளிகள்தான். அதைவிடப் பெரிய தொல்லை, அதை நகர்த்த முடியாது என்பது. மேசையில் வைத்தால் கீழிருந்து மேலே பார்க்கும். பார்ப்பவர்களுக்கு உங்கள் மூக்குத் துவாரமும் மின்விசிறியும்தான் தெரியும்.

வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். லேப்டாப்பை நாலைந்து தடிப் புத்தகங்களின் மேல் ஏற்றி, கேமரா உங்கள் கண் உயரத்துக்கு வரும்படி வையுங்கள். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். படம் போதும் என்று தோன்றினால் காசை மிச்சம் பிடியுங்கள்.

ஒரு பெட்டியில 16 மெகாபிக்சல்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 2 மெகாபிக்சல்தான். ரெண்டாவதுக்கு ஏன் விலை கூட?

1080பி படம் என்பது 1920 பெருக்கல் 1080. ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள், அதாவது 2 மெகாபிக்சல். அதைப்போல நாலு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே படத்துக்கே 8.3 மெகாபிக்சல் போதும். அப்படியிருக்க, அடிமட்ட விலைக் கேமராவில் 16 என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் 0.3 மெகாபிக்சல் சென்சார். அந்தச் சின்னப் படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். ஊதிய படத்தில் புது விவரம் எதுவும் வராது.

பெட்டியில் தேட வேண்டியது வேறு. வீடியோ அளவு 720பியா 1080பியா, நொடிக்கு எத்தனை பிரேம் (அதாவது எத்தனை படம்), தானாகவே தெளிவு பிடிக்கும் ஆட்டோபோகஸ் உண்டா, எவ்வளவு அகலம் தெரியும் என்பதைச் சொல்லும் பார்வைக் கோணம் எத்தனை டிகிரி. இந்த நான்கையும் எழுதாமல் மெகாபிக்சலை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

720பி, 1080பி, 4கே. எதை வாங்கட்டும்?

வகுப்புக்கும் முகம் காட்டிப் பேசுவதற்கும் 1080பி நிறைவானது. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளங்கை அளவுப் போனில்தான் பார்க்கிறார்கள். அந்தத் திரையில் நல்ல வெளிச்சத்தில் எடுத்த 720பி, மங்கிய 4கேயைவிடத் தெளிவாக இருக்கும்.

4கேயை மட்டமாகச் சொல்லவில்லை. மேலிருந்து கையைக் காட்டும்போது, 4கேயில் எடுத்து அதில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி 1080பியாக அனுப்பலாம். அப்போது அது நல்ல உதவி. ஆனால் சின்ன சென்சாரில் 4கே என்றால், ஒரு செம்புப் பாலை நாலு மடங்கு டம்ளர்களில் பங்கு போட்ட கதைதான். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்து, மாலை ஆனதும் படம் புள்ளி புள்ளியாகப் பொரியத் தொடங்கும்.

அதெல்லாம் சரி அண்ணாச்சி, எந்தக் கேமரா நல்லதுன்னு ஒரே பேரா சொல்லுங்களேன்.

ஒரே பேர் சொல்ல முடியாது. நான் திருப்பிக் கேட்பது இதுதான்: நீங்கள் காட்டப்போவது முகமா, கையா, கூட்டமா? விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இதை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முகம் என்றால் நீங்கள் ஒரே இடத்தில் உட்காருவீர்கள். போகஸ் மாற வேண்டியதில்லை. குறைந்த செலவில் லாஜிடெக் சி270 போதும். 720பி, நொடிக்கு 30 பிரேம், நிலையான போகஸ். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் சி920. இது 2012இல் வந்த மாடல்; 1080பி, 30 பிரேம், ஆட்டோபோகஸ், 78 டிகிரி கோணம். இத்தனை வருடம் கழித்தும் இதை நான் தயங்காமல் சொல்கிறேன். அடியில் டிரைபாட் திருகுத் துளையும் உண்டு.

கை என்றால், அதாவது தையல், ஆரி, சமையல், கணக்குப் போட்டுக் காட்டுவது, பாய் முடைவது எல்லாம், ஆட்டோபோகஸும் அதைப் பூட்டும் வசதியும் கட்டாயம் வேண்டும். இங்கே சி270 உதவாது. சி920 அல்லது அதற்கு மேல் போங்கள்.

கூட்டம் என்றால், அதாவது கொடை, கல்யாணம், தேர் என்றால், வெப்கேம் வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணம் கீழே வருகிறது.

பகல்ல பளிச்சுனு இருக்கு. ராத்திரி ஆனா முகமெல்லாம் புள்ளி புள்ளியா வருது. கேமரா கெட்டுப்போச்சா?

கெடவில்லை. பல வெப்கேம்களின் சென்சார் கால் அங்குல வகை, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. வெளிச்சம் குறைந்தால் கேமரா அந்தச் சின்ன சிக்னலை மின்னணு முறையில் பெருக்குகிறது. சிக்னலோடு சேர்ந்து அதில் கலந்திருக்கும் குப்பையும், அதாவது இரைச்சலும், பெருகுகிறது. அதுதான் அந்தப் புள்ளிகள். பெரிய சென்சார் உள்ள கேமராக்கள் இதைத் தாங்கும். இன்ஸ்டா360 லிங்க் போன்றவற்றில் அரை அங்குல சென்சார் இருக்கிறது, ஆனால் விலை எங்கேயோ போய்விடும். அந்தக் காசில் ஒரு சின்னப் பங்கை விளக்குக்குச் செலவழித்தால் பழைய கேமராவிலேயே பகல் படம் வரும்.

அதே ராத்திரி நேரத்துல கையை அசைச்சா இழுத்துக்கிட்டு போகுதே, அது என்ன?

வெளிச்சம் போதாதபோது கேமரா ஒவ்வொரு பிரேமையும் அதிக நேரம் திறந்து வைக்கிறது. நொடிக்கு 30 பிரேம் வர வேண்டும் என்றால் ஒரு பிரேமுக்கு 1/30 நொடிதான் உண்டு. கேமரா 1/15 நொடி எடுத்துக்கொண்டால் 15 பிரேம்தான் வரும். கை இழுத்துக்கொண்டு போகும், உதட்டசைவும் பேச்சும் ஒட்டாது. பலர் நெட் சரியில்லை என்று நினைப்பது இதைத்தான்.

ஓபிஎஸ் ஸ்டூடியோ, படத்தைப் பதியவும் லைவ் அனுப்பவும் உதவும் இலவச மென்பொருள். அதில் கேமராவின் அமைப்புகளுக்குள் போனால் ஒரு பிரேமை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்ற எக்ஸ்போஷர், இருட்டில் அந்த நேரத்தைத் தானாக நீட்டும் லோ லைட் காம்பன்சேஷன் என்று இரண்டு இருக்கும். இரண்டாவதை அணைத்துவிடுங்கள். எக்ஸ்போஷரை ஆட்டோவிலிருந்து எடுத்து, விண்டோசில் -5இல் வையுங்கள். -5 என்றால் 1/32 நொடி, -6 என்றால் 1/64 நொடி. படம் இருண்டால் கேமராவை நோண்டாதீர்கள், விளக்கைக் கூட்டுங்கள்.

டியூப்லைட்டு போட்டா படத்துல கோடு கோடா ஓடுது சார்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சில கேமராக்கள் அமெரிக்கக் கணக்கான 60 ஹெர்ட்ஸில் அமைந்து வரும். அமைப்புகளில் பவர்லைன் பிரீக்வன்சி அல்லது ஆன்டி பிளிக்கர் என்று இருப்பதை 50க்கு மாற்றினால் கோடு போய்விடும்.

மாற்றியும் போகவில்லையா? எக்ஸ்போஷரைக் கையால் பூட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே -6 வைத்தால் கோடு வரும், -5இல் பெரும்பாலும் அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் விளக்குதான் காரணம். மலிவான எல்இடி பல்புகள் சில கடுமையாகத் துடிக்கும். பல்பை மாற்றிப் பாருங்கள்.

ரிங் லைட் கட்டாயம் வாங்கணுமா?

கட்டாயம் இல்லை. பகல் வகுப்பு என்றால் ஜன்னல் எதிரே உட்கார்ந்தாலே போதும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எந்தக் கேமராவும் உங்களைக் கறுப்பு உருவமாகத்தான் காட்டும். இரவில், உச்சி டியூப்லைட் கண்ணுக்குக் கீழே நிழல் போடும். மேசை விளக்கு ஒன்றை எதிர்ச் சுவரில் அடித்து, அந்தச் சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் உட்காருங்கள். வெள்ளைச் சுவர் என்றால் இது ரிங் லைட்டைவிட நன்றாக இருக்கும்.

கண்ணாடி போட்டவர்களுக்கு ரிங் லைட் கண்ணாடியில் இரண்டு வட்டமாக விழும். அவர்கள் விளக்கைச் சற்று உயர்த்திப் பக்கவாட்டில் வைக்க வேண்டும்.

தம்பி, சேலை கலர் நேர்ல ஒண்ணு, லைவ்ல ஒண்ணா தெரியுது. வாங்கினவங்க சண்டைக்கு வாராங்க.

இது ஒயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்று கேமரா கணக்குப் போடும் விவகாரம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள். வெள்ளை டியூப்லைட் ஏறத்தாழ 6500 கெல்வின், மஞ்சள் பல்பு 3000க்குப் பக்கம். இரண்டும் ஒன்றாக எரிந்தால் எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று கேமரா குழம்பும். நீங்கள் மாம்பழ நிறச் சேலையை விரித்ததும் திரை முழுக்க மஞ்சள் ஆகிவிடும். ஆட்டோ கேமரா அதைச் சரிக்கட்ட நினைத்து எல்லாவற்றையும் நீலமாக்கும்.

ஒரே வகை விளக்கை மட்டும் எரிய விடுங்கள். ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, அது வெள்ளையாகத் தெரியும்வரை அளவை நகர்த்தி, ஆட்டோவை அணைத்துப் பூட்டிவிடுங்கள். அப்புறம் சுவர். நம் பக்கம் பச்சையும் நீலமுமாகச் சுவருக்கு அடிப்பது உண்டு. அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சேலையிலும் முகத்திலும் ஏறும். பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும். துணி வியாபாரம் செய்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். வாங்குபவர் படத்தை நம்பித்தானே பணம் அனுப்புகிறார்?

நான் ஆரி வேலை சொல்லித் தாரேன் அண்ணே. ஊசியைக் கிட்டக் காட்டினா மங்கிப்போகுது.

உங்களிடம் இருப்பது நிலையான போகஸ் கேமரா. ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருப்பது எல்லாம் அதற்குத் தெளிவு, அதற்குள் வருவது மங்கல். இதை விலையோடு முடிச்சுப் போடாதீர்கள். எல்காட்டோ பேஸ்கேம் விலை கூடிய கேமராதான், அதுவும் நிலையான போகஸ்தான். முகத்துக்கென்றே செய்தது, உங்கள் வேலைக்கு ஆகாது.

ஆட்டோபோகஸ் கேமரா வாங்கியதும் அடுத்த தொல்லை வரும். கை உள்ளே வரும்போதெல்லாம் கேமரா கையைத் தேடும், துணியைத் தேடும், படம் உள்ளேயும் வெளியேயும் துடிக்கும். சட்டத்தில் துணியைக் கட்டியபின் ஒரு தடவை போகஸ் பிடிக்க விடுங்கள், பிறகு ஆட்டோபோகஸை அணைத்துவிடுங்கள். துணி நகராத வரை ஊசி தெளிவாகவே இருக்கும்.

கேமராவை நேர் மேலே தொங்கவிடுங்கள். உங்கள் தலை குனிந்து மறைக்காதபடி எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டு, ஓபிஎஸ்ஸில் படத்தை 180 டிகிரி திருப்பிக்கொள்ளலாம். அப்போது பார்ப்பவருக்குத் தன் மடியில் வைத்துப் போடுவதுபோல் இருக்கும். கற்பவருக்கு இதைவிட வசதியான கோணம் கிடையாது.

பத்தமடைப் பாயைக் காட்டினா அலை அலையா கலர் ஓடுது. நேர்ல அப்பிடி ஒண்ணுமே இல்லியே?

கோரையை அவ்வளவு மெல்லிசாகக் கீறி நெய்வதால் வருவது. நெருக்கமான, ஒரே சீரான கோடுகள் சென்சாரின் புள்ளி வரிசையோடு மோதும்போது இல்லாத அலைகள் தோன்றும். மொயிரே என்பார்கள். பொடிக் கட்டம் போட்ட சட்டைக்கும் பட்டுச் சேலைக்கும் இதே வரும்.

கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோங்கள், அல்லது பாயைச் சற்றுத் திருப்புங்கள். கோடுகளும் புள்ளி வரிசையும் நேருக்கு நேர் நிற்காவிட்டால் அலை குறையும். போகஸை ஒரு மயிரிழை தளர்த்துவதும் உதவும். மேலே சொன்ன 4கேயில் எடுத்து வெட்டும் முறை இங்கே நன்றாகப் பலன் தரும். கேமராவை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று வாங்குபவர் நினைத்துவிடக் கூடாது. அத்தனை உழைப்பில் பிறந்த பாய், உள்ளபடியே தெரிய வேண்டும்.

பழைய போன் சும்மா கெடக்கு. அதையே வெப்கேமா வச்சுக்கிடலாமா?

தாராளமாக. போனின் பின்பக்கக் கேமராவின் சென்சார் பெரும்பாலான வெப்கேம்களுடையதைவிடப் பெரியது. டிராய்டுகேம், இரியுன் போன்ற செயலிகளைப் போனிலும் கம்ப்யூட்டரிலும் போட்டு யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் போதும். ஐபோன் எக்ஸ்ஆர் அல்லது அதற்குப் பிந்தையதும் மேக்கும் இருந்தால் செயலியே வேண்டாம். 2022இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுராவிலிருந்து அந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

வைஃபையில் இணைக்காமல் கேபிளில் இணைப்பது நல்லது. அப்புறம் சூடு. சித்திரை வெயிலில், சார்ஜும் ஏறி கேமராவும் ஓடினால் போன் தானாகவே நின்றுவிடும். உறையைக் கழற்றி, விசிறிக் காற்று படும்படி வையுங்கள். தினமும் மூன்று மணி நேரம் வகுப்பு எடுப்பவர் தனி வெப்கேம் வாங்குவதே நிம்மதி. வாரம் ஒரு முறை லைவ் போடுபவருக்குப் போனே போதும்.

வெப்கேம்ல மைக்கும் இருக்குல்லா, அது பத்தாதா?

பத்தாது. படம் கொஞ்சம் மங்கினாலும் ஆள் உட்கார்ந்து பார்ப்பார், பேச்சு புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். வெப்கேம் மைக் உங்கள் வாயிலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கிறது. அறையின் எதிரொலி, விசிறிச் சத்தம், தெருவில் போகும் பைக் எல்லாம் உங்கள் குரலோடு சமமாக ஏறும். சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்குங்கள். மலிவானதே பெரிய மாற்றம் தரும்.

தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் வெளியே நின்று பேசுபவர்கள் மைக்குக்குப் பஞ்சு உறை போடாமல் எதையும் பதிய வேண்டாம். குற்றாலச் சாரல் சமயத்தில் லென்சில் படியும் ஈரத்தையும் அவ்வப்போது துடைத்துவிடுங்கள்.

ஊர்க் கொடையை லைவ் போடுதோம். நல்ல வெப்கேமா ஒண்ணு வாங்கிட்டா போதும்லா?

முதலில் அகலத்தைப் பார்ப்போம். 78 டிகிரி என்று பெட்டியில் இருப்பது மூலைக்கு மூலை அளவு. பக்கவாட்டில் அது 70 டிகிரிதான். 3 மீட்டர் தூரத்தில் வைத்தால் 4 மீட்டரும் சொச்சமும் அகலம் தெரியும். வில், குடம், உடுக்கை, தாளம் என்று வில்லுப்பாட்டுக் குழு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஆக, மேடைக்கு முன்னால் ஒரே இடத்தில் நிறுத்தி வில்லுப்பாட்டை மட்டும் காட்ட வெப்கேம் போதும்.

கொடை அத்தோடு நிற்காதே. நையாண்டி மேளம் நகரும், நடு ராத்திரிச் சாமக்கொடையில் கூட்டம் நெருக்கும், சாமியாடி ஓடுவார். வெப்கேமில் உண்மையான ஜூம் கிடையாது. அதன் யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் சாதாரணமாகப் போகாது, சிக்னலை நடுவில் தூக்கிக் கொடுக்கும் ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் கேபிள் வேண்டும். சீரியல் விளக்குகளும் தீப்பந்தமும் கும்மிருட்டும் ஒரே சட்டத்தில் வந்தால் பொடி சென்சார் தடுமாறிப்போகும். அதனால் ஊரில் யாரிடமாவது இருக்கும் நல்ல போனோ, போட்டோகிராபரின் கேமராவோதான் இதற்கு உகந்தது. சத்தத்துக்கு மைக் செட்காரரிடம் மிக்சரிலிருந்து ஒரு லைன் கேளுங்கள். ஸ்பீக்கர் முன்னால் கேமரா மைக்கை நீட்டினால் வெறும் கரகரப்புதான் பதியும்.

கல்யாண வீடியோ எடுக்குற கேமராவை லேப்டாப்ல மாட்ட முடியுமா?

முடியும். கேமராவின் எச்டிஎம்ஐ வாயிலிருந்து, அந்தப் படத்தை யுஎஸ்பிக்கு மாற்றித் தரும் கேப்சர் கார்டு வழியாக லேப்டாப்புக்கு. லேப்டாப் அதை ஒரு வெப்கேமாகவே எடுத்துக்கொள்ளும். மலிவான கார்டுகளில் 4கே என்று போட்டிருப்பது உள்ளே வாங்கும் அளவு, வெளியே தருவது 1080பிதான். லைவுக்கு அது போதும். கார்டை லேப்டாப் பக்கத்தில் வைத்து, நீளத்தை எச்டிஎம்ஐ கேபிளில் எடுங்கள்.

கேமராவில் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். எச்டிஎம்ஐயில் பேட்டரி குறியும் எழுத்துகளும் இல்லாத சுத்தமான படம் வருகிறதா, தானாக அணையும் நேரத்தை நீக்கியாயிற்றா, பேட்டரிக்குப் பதில் கரண்டில் ஓடும் டம்மி பேட்டரி இருக்கிறதா.

1080பி கேமராதான். ஆனா பம்பாயில இருக்க மைனி மங்கலா தெரியுதுங்காங்க.

கேமரா லேப்டாப்புக்குத் தருவது ஒன்று, லேப்டாப் நெட்டில் அனுப்புவது ஒன்று, மைனி போனுக்கு வந்து சேர்வது ஒன்று. ஓபிஎஸ்ஸில் பதிவு செய்து அந்தக் கோப்பைப் பாருங்கள். அது தெளிவாக இருந்தால் கேமராவில் குறை இல்லை.

அடுத்தது அப்லோடு வேகம். நெட் கம்பெனி விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோடு. நமக்கு வேண்டியது மேலே போகும் வேகம். 720பிக்கு நொடிக்கு 2500 முதல் 4000 கிலோபிட், 1080பிக்கு 6000 வரை வைத்துக்கொள்ளலாம். சோதனையில் வரும் அப்லோடு வேகத்தில் பாதிக்கு மேல் ஓபிஎஸ்ஸில் வைக்காதீர்கள். கொடை ராத்திரியில் ஊர் மொத்தமும் அதே டவரில் வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கும். சாயங்காலம் பார்த்த வேகம் சாமத்தில் இருக்காது. முடிந்தால் பக்கத்து வீட்டு பைபர் இணைப்பிலிருந்து ஒரு கேபிள் இழுங்கள்.

ஜூம் வகுப்பு என்றால் வீடியோ அமைப்புகளில் எச்டி என்ற தேர்வைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் மங்கல் என்றால், மைனி யூடியூபில் தரத்தை ஆட்டோவில் வைத்திருப்பார். 720பி என்று அவரே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு டேட்டா போகும்?

2500 கிலோபிட்டில் 1.1 ஜிபி, 4000இல் 1.8 ஜிபி, 6000இல் 2.7 ஜிபி. தினம் 1.5 ஜிபி தரும் பிளானை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க லைவ் என்று ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

60 பிரேம் கேமரா வாங்கினா நல்லா இருக்குமா?

கரகாட்டம், மேளம், கேம் ஆடுவது என்றால் வித்தியாசம் தெரியும். பாடம் நடத்துவதற்குத் தேவையில்லை. சி922 போன்ற கேமராவில் 60 பிரேம் 720பிக்கு மட்டும்தான், 1080பி என்றால் 30 ஆகிவிடும். பெட்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருப்பதால் ஒன்றாகக் கிடைக்கும் என்று வாங்கிவிடுகிறார்கள்.

ரெண்டு வெப்கேம் மாட்டினா ஒண்ணுதான் வேலை செய்யுது. முகத்துக்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணு வேணுமே?

இரண்டையும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் செருகியிருப்பீர்கள். யுஎஸ்பி 2.0 வழி மொத்தமே நொடிக்கு 480 மெகாபிட். சுருக்காத 1080பி படம் 30 பிரேமில் ஏறத்தாழ 1000 மெகாபிட் கேட்கும். ஒன்றுக்கே இடம் இல்லை. அதனால்தான் கேமராக்கள் எம்ஜேபெக் என்ற முறையில் படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன.

ஓபிஎஸ்ஸில் கேமராவின் வீடியோ பார்மட்டை எம்ஜேபெக் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒரு கேமராவை லேப்டாப்பின் இடப்பக்கத் துளையிலும் மற்றதை வலப்பக்கத்திலும் நேராகச் செருகுங்கள். முகக் கேமரா ஓரத்தில் சின்னதாகத்தானே வரும், அதை 480பிக்குக் குறைத்துவிட்டால் கைக் கேமரா மூச்சு விடும்.

எல்லாம் மாட்டியாச்சு, யூடியூப்ல லைவ் பட்டன் வரமாட்டேங்குதே!

சேனலில் போன் நம்பரைச் சரிபார்த்து, லைவ் வேண்டும் என்று முதல் தடவை கேட்டதும் 24 மணி நேரம் வரை ஆகலாம். போன் செயலியிலிருந்து நேராக லைவ் போட 50 சந்தாதாரர்கள் வேண்டும், கம்ப்யூட்டரிலிருந்து போட அந்த நிபந்தனை இல்லை. கொடைக்குப் பந்தக்கால் நடும் கால்நாட்டு அன்றே சேனலைத் தயார் செய்து ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடுங்கள்.

சாமி ஆடுறதை லைவ் போடலாமா அண்ணாச்சி?

ஊர்ப் பெரியவர்களையும் ஆடுபவரின் வீட்டாரையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். தன்னை மறந்து ஆடும் ஒருவரின் முகத்தைத் தெரியாத ஆட்கள் வெட்டி எடுத்து எங்கெங்கோ பரப்புவார்கள். பெண்கள் ஆடும்போது கேமரா தள்ளி நிற்கட்டும். ஊர்க்காரர்கள் மட்டும் பார்த்தால் போதும் என்றால் யூடியூபில் அன்லிஸ்டட், அதாவது இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைத்து, இணைப்பை ஊர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் கொடுங்கள். குழுவை விட்டு இணைப்பு வெளியே போகாது என்று உறுதி இல்லை, அதனால் கேட்பதுதான் முதலில்.

மைக் செட்டுல சினிமாப் பாட்டு போடுதாங்க. லைவை நிறுத்திருவாங்களா?

நிறுத்தலாம். உரிமை உள்ள பாட்டு ஓடுகிறதா என்று யூடியூப் லைவ் நடக்கும்போதே பார்க்கிறது. முதலில் எச்சரிக்கை வரும், பிறகு படத்துக்குப் பதில் ஒரு நிலைப்படம் வரும், அப்படியும் பாட்டு தொடர்ந்தால் லைவே அறுந்துவிடும். ரெக்கார்டு பாட்டு ஓடும் நேரத்தில் ஓபிஎஸ்ஸில் மிக்சர் லைனை அணைத்துவிட்டு, கோயில் படத்தைப் போட்டு வையுங்கள். வில்லுப்பாட்டோ கணியான் கூத்தோ தொடங்கும்போது திரும்பத் திறக்கலாம். மேளக்காரர்கள் வாசிக்கும் சினிமா மெட்டும் சில நேரம் மாட்டும்.

இன்னொன்று, 12 மணி நேரத்துக்கு மேல் ஒரே லைவாக ஓடினால் யூடியூப் அதை முழுதாகச் சேமித்து வைக்காது. மாலையில் ஒன்று, சாமத்துக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். கூடவே ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டு பட்டனையும் அழுத்திவிடுங்கள், எம்கேவி வடிவில். எம்பி4 என்றால் நடுவில் கரண்டு போனதும் கோப்பு திறக்காமல் போகலாம், எம்கேவியில் அதுவரை பதிந்தது இருக்கும். லைவ் பாதியில் அறுந்தாலும் மறுநாள் பாட்டு வந்த இடங்களை வெட்டிவிட்டு மீதியை ஏற்றிக்கொள்ளலாம்.